ஆண்டுக்கு ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்து என்றதும் மலையும் ஏரியும் கோட்டையும்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது அதன் தெற்கு எல்லையை ஒட்டிய பெர்விக்‌ஷயர், ராக்ஸ்பரோஷயர் பக்கத்துப் பண்ணையாட்களைப் பற்றி. காலம், விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரை.

அங்கே கல்யாணமான உழவாளுக்கு 'ஹைண்ட்' என்று பெயர். ஓராண்டுக்குத்தான் வேலை. குளிர்காலம் முடியும்போது கெல்ஸோ போன்ற ஊர்களில் ஆள் பிடிக்கும் சந்தை கூடும். பண்ணைக்காரர் பேரம் பேசுவார். படிந்தால் ஒரு ஷில்லிங் போல அச்சாரம் கொடுப்பார். அதை வாங்கிவிட்டால் அந்த வருஷம் அவருடைய ஆள்.

ஹைண்ட் ஒருவர் மட்டும் வந்தால் போதாது. வயல் வேலைக்கு ஒரு பெண்ணையும் கூடவே கொண்டுவர வேண்டும். அவளை 'பாண்டேஜர்' என்பார்கள். மகளோ தங்கையோ இருந்தால் சரி. இல்லையென்றால் யாரோ ஒரு பெண்ணைத் தானே கூலி பேசி அமர்த்தி, தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சாப்பாடும் போட வேண்டும். டர்னிப் களையெடுப்பது, எருப் பரப்புவது எல்லாம் அவள் வேலை. ஈரத்துக்குக் கணுக்காலில் வைக்கோல் பிரியைச் சுற்றிக்கொண்டு வயலில் இறங்குவாள்.

வீடு என்பது பெரும்பாலும் ஒரே அறை. கதவு வைத்த பெட்டிக் கட்டில்கள் இரண்டைக் குறுக்கே நிறுத்தினால் அதுதான் தடுப்புச் சுவர். அதற்குள் கணவன், மனைவி, பிள்ளைகள், அப்புறம் அந்த வெளிப்பெண். பல பண்ணைகளில் இந்த வீட்டுக்கு வாடகையாக மனைவி அறுவடைக்குப் போக வேண்டும். ஹைண்டுகள் பாண்டேஜர் முறையை வெறுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சம்பளம் பெரும்பாலும் தானியம்: ஓட்ஸ், பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு. ஒரு மாட்டுக்கு மேய்ச்சல். ரொக்கம் கொஞ்சம். பார்லி மாவையும் பட்டாணி மாவையும் பிசைந்து இரும்புக் கல்லில் தடிமனாகச் சுட்டு எடுப்பார்கள். வருஷம் முழுக்க அதுவும் பாலும் கஞ்சியும்தான். தானியக் கூலி என்றாலே ஏமாற்று என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் விலை ஏறிய வருஷங்களில் ரொக்கக் கூலிக்காரரைவிட இவர்கள் வீட்டு அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

மே மாதக் கடைசியில் குடிமாற்றம். புதுப் பண்ணைக்காரர் வண்டி அனுப்புவார். கட்டில், மாவுப் பெட்டி, கோழிக்கூடை எல்லாம் அதில் ஏறும். 1851 முதல் மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த ஊரும் குறிக்கப்பட்டது. அந்தத் தாள்களில் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு ஊர்கள் எழுதியிருக்கும். 1872இல் பள்ளிக்கூடம் கட்டாயமானது. ஆனால் மே வந்தால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மாறும்.

1860களில் ஹைண்டுகளின் எதிர்ப்பு வலுத்தது. வெளிப்பெண்ணைக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. வயலுக்குப் பெண்கள் வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. சந்தையில் பண்ணைக்காரர் இப்போது, வீட்டில் வேலைக்கு வர எத்தனை பேர் என்று கேட்டார். வளர்ந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் இருக்கும் தகப்பனார் நல்ல வீடாகப் பார்த்துக் கேட்கலாம். கைக்குழந்தைகளோடு நிற்பவர், கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

நன்றி, வணக்கம்.