பிடித்துக்கொள்ளும் உயிரணுக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிக்கும்போது கையை நார் போட்டு அழுத்தித் தேய்க்கிறோம். அழுக்கு போகிறது, தோல் போவதில்லை. அந்தத் தோல் தனித்தனி உயிரணுக்களால் ஆனது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தனித்தனியாக இருப்பவை ஏன் உதிர்ந்து போவதில்லை? உயிரியல் ஆசிரியனாக என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இது.

1907-ல், வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் ஒரு சோதனை செய்தார். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காத சோதனை. கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்கான கடற்பஞ்சை உயிரோடு சிறு துண்டுகளாக வெட்டி, மாவு சலிக்கிற மெல்லிய பட்டுத்துணியில் முடிந்து, கடல்நீர்க் கிண்ணத்துக்குள் பிழிந்தார். உயிரணுக்கள் பிரிந்து, கலங்கலாக அடியில் போய்ப் படிந்தன. அத்தோடு கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? படிந்தவை ஊர ஆரம்பித்தன. ஒன்றையொன்று தொட்டன, தொட்டவை விடவில்லை. சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரண்டன. நாட்கள் செல்லச் செல்ல, உள்ளே நீரோடும் வழிகளோடு மறுபடியும் கடற்பஞ்சாகவே வளர்ந்தன. வெளியிலிருந்து யாரும் சேர்த்து வைக்கவில்லை, அதைக் கவனியுங்கள்.

1955-ல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இரண்டு கருவியல் ஆய்வாளர்கள் தவளை இனக் கருக்களை வைத்து இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். தோலாக வேண்டிய உயிரணுக்களையும் நரம்பாக வேண்டியவற்றையும் பிரித்து ஒன்றாகக் கலந்தார்கள். முதலில் எல்லாம் ஒரே கட்டி. பிறகு உள்ளுக்குள்ளேயே இடம் மாறி, தோல் வெளியே வந்தது, நரம்பு உள்ளே போனது. இது வெறும் பசை இல்லை. பசைக்கு ஆள் தெரியாது. உயிரணுவுக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரிகிறது.

எப்படித் தெரிகிறது? இங்கேதான் ஜப்பானிய உயிரியலாளர் மசதோஷி டகெய்ச்சி வருகிறார். ஆய்வகத்தில் வளரும் உயிரணுக்களைப் பிரிக்க டிரிப்சின் ஊற்றுவோம். நம் குடலில் புரதத்தைச் செரிக்கிற அதே நொதிதான். தட்டையாகப் படர்ந்து கிடந்தவை சில நிமிடங்களில் தனித்தனி உருண்டைகளாகும், குடுவையை லேசாகத் தட்டினால் மிதக்கும். கியோட்டோவில் டகெய்ச்சி இப்படிப் பிரித்தவை மறுபடியும் ஒட்டின. 1970-களில் அமெரிக்காவின் பால்டிமோர் போய் அதே வேலையைச் செய்தார், ஒட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் சலித்துப்போய் விட்டிருப்பார்கள். அவர் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று தேடினார். பால்டிமோர்க் கரைசலில் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. இருந்தது, கியோட்டோவில் அது இல்லை. உயிரணுவின் மேல் பக்கத்து உயிரணுவைப் பிடிக்கிற ஒரு புரதம் இருக்கிறது. கால்சியம் இருந்தால் அது விறைப்பாக நிற்கும், டிரிப்சினால் வெட்ட முடியாது. கால்சியம் போனால் துண்டு துண்டாகிவிடும். 1984-ல் அதற்குக் கேதரின் என்று பெயர் வைத்தார்கள். கேதரினில் பல வகை உண்டு. பெரும்பாலும் ஒரு வகை தன் வகையையே பிடிக்கும். கருவில் தோலும் நரம்பும் பிரிவதற்கு ஒரு முக்கியக் காரணம் அதுதான்.

இந்தப் பிடி தளர்ந்தால் என்ன ஆகும்? பெம்பிகஸ் என்று ஒரு கொப்புள நோய். கேதரின் குடும்பத்தைச் சேர்ந்த டெஸ்மோகிளீன் என்ற புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. பல பேருக்கு முதலில் வாயில் ஆறாத புண். கொப்புளத்துக்குப் பக்கத்தில் உள்ள தோலை மருத்துவர் கட்டைவிரலால் தள்ளினால், மேல்தோல் வழுக்கிக்கொண்டு வரும். ஸ்டீராய்டு வருவதற்கு முன் பெரும்பாலும் உயிரையே பறித்த நோய் இது. வாய்ப்புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் கை காட்டுகிறார். உயிரணுக்களைச் சுற்றி இருக்கும் கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் முதலான இழைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கொடி பந்தலைப் பற்றுவதுபோல உயிரணு அந்த இழைகளைப் பற்றுவது இன்டெக்ரின் என்ற வேறொரு புரதத்தால். ஃபைப்ரோனெக்டினில் உயிரணு பற்றும் இடம், புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் மூன்றே மூன்று என்று 1984-ல் ருவோஸ்லாத்தி என்ற ஆய்வாளரின் குழு கண்டது. வெள்ளையணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றி வெளியேறவும் இன்டெக்ரின் வேண்டும். அரிதாகச் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அதில் குறை இருக்கும். வழக்கமாக ஓரிரு வாரங்களில் விழுந்துவிடும் தொப்புள்கொடி அவர்களுக்கு நாலு வாரம் தாண்டியும் விழாமல் இருக்கலாம், புண்ணில் சீழே வைக்காது. அப்படிக் கண்டால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வணக்கம்.