நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி உளுந்து

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் வயதானவர்களுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை தருவது என் வேலை. போன மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எழுபது வயது. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிட வேண்டும். "கால்ல சத்தே இல்லம்மா" என்றார்.

நான் காலைத் தொட்டுப் பார்க்கும் முன்பே சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் கொஞ்சம் ரசம் சோறு. சாயங்காலம் காப்பியும் ரஸ்க்கும். ராத்திரி திரும்பவும் இரண்டு இட்லி. "பருப்பு?" என்றேன். "வாயும்மா, இந்த வயசுல ஒத்துக்காது."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஓர் இட்லியில் புரதம் சுமார் 2 கிராம். நாள் முழுவதும் கூட்டினாலும் 20 கிராமைத் தாண்டுவது கஷ்டம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு. ஆச்சி 48 கிலோ. 40 கிராம் வேண்டும். வயதானவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேலேயே வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். சாப்பிடும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறன் வயதாக ஆகக் குறைந்துவிடுகிறது. தேவை கூடும் வயதில்தான் நாம் குறைத்துக்கொள்கிறோம்.

இது எழுபதில் தொடங்கும் விஷயமும் இல்லை. முப்பது வயதுக்கு மேல் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடும். அதனால் நாற்பது வயதில் இருப்பவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். உங்கள் தட்டில் மலையாகச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி கூட்டும் இருந்தால், அதுவும் இதே கணக்குதான்.

நம் ஊரில் பெண் பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி கிண்டுகிறோம். கருப்பட்டிப் பாகில் உளுந்து மாவைப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கொடுக்கிறோம். இடுப்புக்குப் பலம் என்கிறோம். அதே பெண்ணுக்கு அறுபது வயதில் இடுப்பு வலிக்கும்போது ஏன் ரஸ்க்கைக் கொடுக்கிறோம்? எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

களியில் கருப்பட்டி இருக்கிறது. கருப்பட்டியும் சர்க்கரைதான், சுகர் உள்ளவர்களுக்கு ஆகாது. சரி, உளுந்தஞ்சோறு இருக்கிறதே! தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. கூடவே உரித்த பூண்டு, சீரகம், வெந்தயம், தேங்காய்த் துருவல். குழைய வெந்ததும் எள்ளுத் துவையல். அரிசியில் லைசின் என்ற சத்து குறைவு. உளுந்தில் அது நிறைய. உளுந்தில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு புரதச் சத்து எள்ளில் நிறைய. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. எந்தப் பரிசோதனைக்கூடமும் இல்லாமல் நம் ஆச்சிமார் சேர்த்து வைத்த சேர்க்கை இது.

வாயுத் தொல்லைக்குப் பயந்து பருப்பையே விட வேண்டாம். பூண்டும் பெருங்காயமும் சேர்த்து, நன்றாக வேகவைத்து, முதலில் கொஞ்சமாகத் தொடங்குங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முட்டை இருக்கிறது, உவரிப் பக்கத்துச் சாளை மீன் இருக்கிறது. ஆனால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் தினமும் வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பே அதிகபட்சம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். இன்னொன்று, மத்தியானம் மட்டும் பருப்பைக் கொட்டிக்கொண்டால் போதாது. மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர வேண்டும். கூடவே கால்களுக்குப் பயிற்சியும் வேண்டும்.

வீட்டில் இப்போதே ஒன்று செய்து பார்க்கலாம். ஆடாத நாற்காலியில் உட்காருங்கள். பக்கத்தில் யாராவது நிற்கட்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் காலில் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஆச்சிக்கு ஐந்து முறை முடியவில்லை. மூன்றாவதிலேயே கையை ஊன்றிவிட்டார். பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, உளுந்தஞ்சோற்றைப் பற்றிப் பேசினேன். முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் செருப்பைப் போடும்போது மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எள்ளை நல்லா வறுத்து அரைக்கணும் என்ன, வத்தல் ரெண்டு போதும்."

வணக்கம்.