பெரிய இன்ஜெக்டர் போட்டால் லொறி பறக்குமா? இரணைமடுத் துருசில் இருக்கிறது பதில்!

(காட்சி: பரந்தன் – முல்லைத்தீவு வீதி. நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று கறுப்புப் புகை கக்கியபடி போகிறது.)

வணக்கம் உறவுகளே! இந்தப் புகையைப் பார்த்து "என்ன இழுவையடா" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கறுப்பு, காசு கொடுத்து வாங்கிச் சரியாக எரியாமல் போன டீசல். 2022இல் எரிபொருள் செட்டில் வரிசை கட்டி நின்ற எங்களுக்கு ஒரு லீற்றரின் அருமை தெரியாதா?

டர்போ இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும், பெரிய டர்போ கூடுதலாகத் திணிக்கும். அது உங்களுக்கே தெரியும். அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசலைக் கொடுப்பதுதான் இன்ஜெக்டரின் வேலை. பெரிய டர்போவோடு பெரிய துளையுள்ள இன்ஜெக்டரும் போட்டால் இழுவை கூடுமா என்பதுதான் இன்றைய கேள்வி.

(காட்சி: இரணைமடுக் குளக்கட்டு.)

சரி, இங்கே வாருங்கள். குளம் நிறைந்தால் 36 அடித் தண்ணீர், கிட்டத்தட்ட 11 மீற்றர். அடியில் அழுத்தம் 1 பாரைக் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதற்கே துருசை, அதாவது மதகை, திறந்தால் வாய்க்கால் எப்படிச் சீறுகிறது பாருங்கள்! பழைய லொறியின் நொசில் (இன்ஜெக்டரின் துளையுள்ள நுனி) ஊசி எழும்பித் திறக்க ஏறக்குறைய 200 பார் வேண்டும். கொம்பியூட்டர் இன்ஜெக்டரைத் திறந்து மூடும் புதிய கொமன் ரெயில் வண்டியில் 1600 பார் சர்வசாதாரணம். அதாவது 1500 இரணைமடுவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆக அடியில் ஒரு துருசு வைத்தது போல! அந்தத் துருசின் அகலம் எவ்வளவு? இரண்டு மூன்று தலைமயிரின் தடிப்பு. முழுப் பாரத்தோடு ஓடும்போதும் ஒரு தடவைக்கு வெளியே வருவது ஒரு சொட்டளவு. நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஒரு இன்ஜெக்டர் இதை விநாடிக்குப் பதினாறு தடவைக்கு மேல் செய்கிறது. எத்தனை தரம் யோசித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஒன்று கவனம். வேலை செய்யும் நொசிலுக்கு முன்னால் கையை நீட்டவே வேண்டாம். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலச் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனிக் கணக்கு. 0.20 மில்லிமீற்றர் நொசில் துளையை 0.22 ஆக்கினால் கூடியது பத்து வீதம் என்று தோன்றும். ஆனால் துளையின் பரப்பு 21 வீதம் கூடிவிடுகிறது. "ஒரு நூல் பெருப்பித்தால் போதும்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பலர் ஏமாறுவது அடுத்த இடத்தில். பழைய மெக்கானிக்கல் பம்பில் டீசலை அளப்பது பம்பு, நொசில் அல்ல. பம்பைத் தொடாமல் துளையை மட்டும் பெருப்பித்தால் அதே டீசல் குறைந்த அழுத்தத்தில், பெரிய துளிகளாக விழும். இழுவை கூடாது, புகைதான் கூடும். கொமன் ரெயிலில் கதை வேறு. துருசை எத்தனை நேரம் திறப்பது என்று கணக்குப் போடுவது கொம்பியூட்டர். துளை பெருத்தது அதற்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் அளவுக்கு மேல் ஊற்றும்.

அதனால் என் கருத்தில் இன்ஜெக்டர் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். முதலில் உங்கள் டர்போ உண்மையில் எவ்வளவு காற்றுத் தருகிறது என்று காற்றழுத்தம் காட்டும் பூஸ்ட் மீற்றரில் பாருங்கள். அப்புறம் டர்போவுக்கு முன்னால், இஞ்சினிலிருந்து புகை வரும் வழியில், வெப்பமானி ஒன்று பூட்டுங்கள். 700 பாகை செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் ஓடவிட வேண்டாம். பிஸ்டன் அலுமினியக் கலவை. தனி அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். உள்ளே வரும் குளிர்காற்றும் ஒயிலும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. வன்னியில் மலை இல்லையே என்று நினைக்க வேண்டாம். மாரியில் வயல் சேற்றுக்குள்ளிருந்து நெல்லோடு ஏறும்போது இஞ்சின் படும் பாடு மலையேற்றத்துக்குக் குறைந்ததல்ல.

வாங்கினால் இஞ்சினுக்கு வேண்டிய எல்லா இன்ஜெக்டரையும் ஒரே செட்டாக வாங்கி, பரிசோதனை மேசையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

(காட்சி: மேசையில் இரண்டு நொசில்கள், கிட்டக் காட்டவும்.)

இடது பக்கம் பாருங்கள், பனிமூட்டம் போல மெல்லிய விசிறல். ஊசி மூடியதும் நுனி உலர்ந்துவிட்டது. வலது பக்கம் நுனியில் ஒரு சொட்டுத் தொங்குகிறது, பார்த்தீர்களா? அந்த நொசிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டும்போது செப்பு வாஷரையும் புதிதாகவே போடுங்கள்.

உங்கள் லொறியில் என்ன இஞ்சின், என்ன டர்போ, எத்தனை தொன் ஏற்றுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மெக்கானிக்கல் பம்பா கொமன் ரெயிலா என்பதையும் மறக்காமல் போடுங்கள். அது தெரியாமல் நான் ஒரு அளவும் சொல்ல முடியாது.