பாண்ட் நம் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, தலைமை தாங்கும் பழைய மாணவர் சங்கத் தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்திறங்கிய முன்னாள் அணித்தலைவர்களே, பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பணிப்பாளர் அவர்கள் எங்கள் மைதானத்துக்குச் சுற்றுமதில் கிடைக்க ஓடித் திரிந்தவர். அந்த நன்றியை இந்த மேடையில் சொல்லியே ஆகவேண்டும்.

பள்ளிக்கூட விளையாட்டில் பாண்ட் வாத்தியத்தின் பங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: ஆடுகிறவனுக்கு அது என்ன செய்கிறது, பார்க்கிறவனுக்கு என்ன செய்கிறது, வாசிக்கிற பிள்ளைக்கு என்ன செய்கிறது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். 1904இல் தொடங்கிய, 'வடக்கின் போர்' என்று சொல்லும் கிரிக்கெட் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் ஆடுவது பதினொரு பேர், பதினொரு பேர்தான். ஆனால் மார்ச் வந்தால் யாழ்ப்பாணமே அந்த மைதானத்தில் நிற்கும். ட்ரம்பெட்டும் ட்ரம்மும் இல்லாத ஒரு பிக் மட்ச்சை இந்த நாட்டில் யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா?

ஒரு கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் நம்முடைய மட்ச். கடைசி நாள் பின்னேரம். எட்டு விக்கெட் போய்விட்டது. இன்னும் ஒரு மணி நேரம் நின்றால் வெற்றி தோல்வியில்லை. கூலிக்குப் பிடித்திருந்த பாண்ட்காரர், தேநீர் இடைவேளை வரைக்கும்தான் பேச்சு என்று வாத்தியங்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பேசிய காசுக்கு வாசித்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் மைதானம் செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. சனம் சைக்கிளை எடுக்கத் தொடங்கியது.

அப்போது பத்தாம் தரப் பிள்ளைகள் நாலு பேர் களஞ்சிய அறைக்கு ஓடினார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி அணிநடைக்கு வைத்திருந்த சைட் ட்ரம் இரண்டு, பேஸ் ட்ரம் ஒன்று, ஒரு ட்ரம்பெட். ட்ரம்பெட்டின் நடு வால்வு இறுகிக் கிடந்தது. கன்டீன் அக்காவிடம் தையல் மெஷின் எண்ணெய் வாங்கி இரண்டு சொட்டு விட்டு, விரலால் அமுக்கி அமுக்கி இளக்கினார்கள். ட்ரம்பெட்டை எடுத்த பெடியனுக்குத் தெரிந்தது கல்லூரிக் கீதம் ஒன்றுதான். அதையே ஊதினான். முதல் வரி பிசகியது. இரண்டாவது வரியில் பந்தல் முழுக்க எழுந்து பாடியது. சைக்கிளை எடுத்தவர்கள் திரும்ப ஸ்டாண்டைப் போட்டார்கள். நாலு ஓவர் இருக்கும்போது கடைசி விக்கெட் விழுந்தது, தோற்றோம். ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. எதிரணித் தலைவரே வந்து அந்தப் பிள்ளைக்குக் கை கொடுத்தார்.

அமெரிக்காவில் இதற்கென்றே பெப் பாண்ட் இருக்கிறது. கூடைப்பந்துக் களத்தின் ஓரத்தில் மாணவர்களே உட்கார்ந்து வாசிப்பார்கள். கல்லூரிகளின் தேசியச் சுற்றுப்போட்டியில் பாண்டுக்கு 29 பேர்தான் உச்சவரம்பு. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஊதக் கூடாது. இடைவேளை கிடைத்ததும் எல்லோரும் ஒன்றாய்த் தொடங்கி, ஆட்டம் தொடங்குமுன் ஒன்றாய் நிறுத்த வேண்டும். எத்தனை நாள் பழகினால் அது கைவரும்! அந்தப் பழக்கம் நம் பிள்ளைகளுக்கும் வர வேண்டும்.

சரி, நேரம் போகிறது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மட்ச்சுக்கு பாண்ட் பிடிக்க வருடா வருடம் சேர்க்கும் பணத்தை இனி வாத்தியம் வாங்கக் கொடுங்கள். ஊர் கூடித் தேர் இழுக்கிற வேலை இது. உப்புக்காற்றில் பித்தளை கறுத்துவிடும், பூட்டுள்ள அலுமாரி ஒன்று வேண்டும். அதிபர் அவர்கள் புதன்கிழமை பின்னேரம் ஒரு மணி நேரம் தர வேண்டும். பெண் பிள்ளைகளை சிம்பலோடு நிறுத்தாமல் அவர்கள் கையிலும் ட்ரம்பெட்டைக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நண்பர்களே, அங்கே பாவிக்காமல் கிடக்கும் ட்ரோம்போன், சாக்ஸபோன் இருந்தால் அனுப்புங்கள். சேர விரும்பும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் சங்கீத ஆசிரியையிடம் பெயர் கொடுங்கள்.