19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்ணைத் தேடறீங்களா? வீட்டு ஆண்களோட காகிதங்களைப் பிரிங்க

வணக்கம் மக்களே! 1800-கள்ல அமெரிக்காவுல வாழ்ந்த ஒரு பெண்ணைப் பத்தித் தேடணும்னா, அவங்க பேரைப் போட்டுத் தேடறதுல பெருசா ஒண்ணும் சிக்காது. அப்பா, புருஷன், மகன் காகிதங்களுக்குள்ளதான் அவங்க இருப்பாங்க.

குடும்ப பைபிள் இருந்தா அதுல ஆரம்பிங்க. பெரும்பாலும் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவுல பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதற தாள்கள் இருக்கும். அதைப் படிக்கறதுக்கு முன்னாடி முகப்புல அச்சான வருஷத்தைப் பாருங்க. 1868-ல அச்சான பைபிள்ல 1831-ல பிறந்தவங்க தேதி இருந்தா, அது பின்னாடி எழுதினது. எல்லா வரியும் ஒரே மை, ஒரே கையெழுத்துன்னாலும் ஒரே மூச்சுல எழுதினதுன்னு சந்தேகப்படுங்க. மை மாறி, கை மாறி வந்திருந்தா மதிப்பு அதிகம்.

அடுத்து சென்சஸ். 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான். மனைவி வயசுக் கட்டத்துல வெறும் எண்ணிக்கை. 1850-ல வீட்டுல எல்லார் பேரும் வருது. ஆனா அடிமையா இருந்தவங்களுக்கு 1870 வரைக்கும் காத்திருக்கணும். நிறைய பேர் சறுக்கற இடம் ஒண்ணு: 1850, 1860, 1870-ல உறவுமுறையே எழுத மாட்டாங்க. 27 வயசுப் பெண்ணுக்குக் கீழ 14 வயசுப் பையன் பேர் இருந்தா, அம்மா-பிள்ளைன்னு முடிவு கட்டிடாதீங்க, ரெண்டாந்தாரமா இருக்கலாம். உறவு வர்றது 1880-ல. 1890 பதிவேடு 1921 தீ விபத்துக்கு அப்புறம் பெரும்பகுதி மிஞ்சல. 1880-க்கும் 1900-க்கும் நடுவுல வர்ற அந்த 20 வருஷ இடைவெளியிலதான் நிறைய பொண்ணுங்க கல்யாணமாகி வேற பேருல போயிடறாங்க. 1900 பதிவு பொக்கிஷம்! பிறந்த மாசம், பெத்தது எத்தனை, உயிரோட இருக்கறது எத்தனைன்னு கேட்டிருக்காங்க. பெத்தது 9, இருக்கறது 4-ன்னா, மீதி 5 பிள்ளைங்களையும் நீங்க தேடியாகணும்.

பிறந்த வீட்டுப் பேர் தெரியலையா? அப்பாவோட உயில்ல "இன்னாரோட மனைவியான என் மகள்"னு வரும். நிலப் பத்திரமும் பாருங்க. புருஷன் நிலத்தை விக்கும்போது, பல மாநிலங்கள்ல மனைவியைத் தனியா விசாரிச்சு, அவங்க பங்குரிமையை விட்டுக்கொடுத்ததா கையெழுத்து வாங்குவாங்க.

எல்லாத்துலயும் பெரிய சுரங்கம் விதவை பென்ஷன் கோப்பு, அதாவது பட்டாளத்துல இருந்த புருஷன் இறந்தப்புறம் மனைவி அரசாங்கத்துக்கிட்ட பென்ஷன் கேட்ட காகிதங்கள். கல்யாணம் நடந்ததை நிரூபிக்கணும். அதுக்காகப் பக்கத்து வீட்டுக்காரங்க சத்தியப் பத்திரம் குடுப்பாங்க, பைபிள் தாளையே கிழிச்சு அனுப்பினவங்களும் உண்டு. அடிமைத்தனத்துலேர்ந்து தப்பிச்சு, மத்தவங்களையும் மீட்ட ஹாரியட் டப்மனையே எடுத்துக்கங்க. பென்ஷன் கேட்டது ஹாரியட் டேவிஸ்ங்கற பேருல. புருஷன் நெல்சன் டேவிஸ் பட்டாளத்துல நெல்சன் சார்லஸ். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னும், முதல் புருஷன் ஜான் டப்மன் இறந்துட்டார்னும் காட்ட வேண்டியிருந்துச்சு. 1895-ல மாசம் 8 டாலர் கிடைச்சது, 1899-ல 20 ஆச்சு. டப்மன்னு தேடறவங்க கண்ணுல இதெல்லாம் படுமா?

வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல கேட்கும்போது பென்ஷன் கோப்பு முழுசா வேணும்னு கேளுங்க. பட்டாளத்துப் பணிப் பதிவு வேற. அதுல மனைவி பேச்சே இருக்காது. பென்ஷன் கோப்புகளுக்கான அட்டவணை அட்டையில மனு எண், சான்றிதழ் எண்ணுன்னு ரெண்டு இருக்கும், ரெண்டையும் எழுதிக் குடுங்க.