மேலவைக்கு ஐந்து வாசல்கள்

அவைத் தலைவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாம் அவையான சட்ட மேலவை என்ற பேச்சு எழுந்தாலே, அது வேண்டுமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியைத்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. 2010-இல் அதை மீட்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றி, 78 இடங்கள் என்று கணக்கும் போட்டபின், 2011-இல் ஆட்சி மாறியதும் அம்முயற்சி நின்றுபோனது. ஆந்திரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கே 1985-இல் ஒழிக்கப்பட்ட மேலவை 2007-இல் திரும்பி வந்தது. மாநிலத்துக்கு மூன்று தலைநகரங்கள் அமைக்கும் மசோதாக்கள் அந்த அவையில் தடைப்பட்டதும், 2020 ஜனவரியில் அதை மீண்டும் ஒழிக்கத் தீர்மானம் நிறைவேறியது. 2021 நவம்பரில் அதே ஆட்சியே அத்தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் மேலவையிலும் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை வந்துவிட்டது என்பதைச் சேர்த்துப் படித்தால் விசித்திரம் விளங்கிவிடும்.

இந்த வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. அந்த அவைக்குள் ஒருவர் எவ்வழியாக நுழைகிறார், அவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி நாம் பேசியதே குறைவு என்பதால், அதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு ஐந்து வாசல்களை வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டமன்ற உறுப்பினர்களும், பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும், அதே அளவினரை ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்க, எஞ்சியவர்களை ஆளுநர் நியமிக்கிறார். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டப்பேரவையின் அளவில் மூன்றில் ஒரு பங்கை மேலவை தாண்டக் கூடாது. ஆனால் நாற்பதுக்குக் குறையவும் கூடாது. 119 உறுப்பினர்களைக் கொண்ட தெலங்கானாவில் மூன்றில் ஒரு பங்கு நாற்பதைத் தொடவில்லை என்றாலும், மேலவைக்கு நாற்பது இடங்கள் இருப்பது இதனால்தான்.

நியமன வாசலைப் பற்றி நமக்குத் தெரியாததில்லை. 1952-இல் எந்தத் தொகுதியிலும் போட்டியிடாத ராஜாஜி, ஆளுநர் ஸ்ரீபிரகாசாவின் நியமனத்தால் மேலவை உறுப்பினராகி, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் அமர்ந்தார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத் தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்காகத் திறந்த வாசல் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த நிகழ்ச்சியை எடைபோடலாம்.

என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது பட்டதாரிகளின் வாசல். பட்டம் பெற்று மூன்றாண்டு ஆன ஒருவர் தானாக வாக்காளர் ஆகிவிட மாட்டார். படிவம் 18-ஐ நிரப்பி, சான்றிதழின் நகலை இணைத்து, தன் பெயரைத் தானே பதிவு செய்துகொள்ள வேண்டும். பொதுத் தேர்தலின் வாக்காளர் பட்டியல் திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டுத் தொடர்ந்து வருவது. இந்தப் பட்டியலோ ஒவ்வொரு தேர்தலுக்கும் அடியிலிருந்து புதிதாகத் தயாரிக்கப்படுகிறது. ஆறாண்டுக்கு முன் வாக்களித்தவரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே படிவத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் ஆள்பலம் எந்தக் கட்சிக்கு உண்டோ, அந்தக் கட்சிக்குப் பாதித் தேர்தல் பட்டியல் தயாராகும்போதே முடிந்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாக்களிக்கத்தான் பட்டம் வேண்டும், வேட்பாளருக்கு வேண்டியதில்லை. நம் சென்னை மாவட்டப் பட்டதாரி தொகுதி வழக்கிலேயே, நாராயணசாமி எதிர் பன்னீர்செல்வம் என்ற அந்த வழக்கில், வேட்பாளரும் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்ற உயர்நீதிமன்றத்தின் முடிவை 1972-இல் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. சட்டத்தில் எழுதப்படாத தகுதியை நீதிமன்றம் சேர்க்க முடியாது என்பது சரிதான். ஆனால் கற்றவர்களின் குரலுக்கென்று தனியே வைத்த இடம் என்ற எண்ணம் அதோடு பாதி கரைந்துவிட்டது.

வாக்குச்சாவடிக்குள் நுழைந்தாலும் எல்லாம் வேறாக இருக்கும். இயந்திரம் இல்லை, வாக்குச்சீட்டுத்தான். தேர்தல் அலுவலர் தரும் ஊதா நிறப் பேனாவால், தனக்கு முதலில் பிடித்தவரின் பெயருக்கு நேரே 1 என்று எழுத வேண்டும். 2, 3 என்று தொடர்வது அவரவர் விருப்பம். எண்ணால் எழுதாமல் 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினாலோ, பழக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டாலோ சீட்டு செல்லாது. பட்டம் பெற்றவர்களின் சீட்டுகளும் இப்படிக் கழிவதுண்டு என்பதைச் சற்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

2021 மார்ச்சில் ஐதராபாத் – ரங்காரெட்டி – மகபூப்நகர் பட்டதாரி தொகுதியின் ஒரே இடத்துக்கு 93 பேர் போட்டியிட்டனர். வாக்குச்சீட்டு செய்தித்தாளைப் போல விரிந்தது. அதைப் போடப் பெரிய பெட்டிகள் தேவைப்பட்டன. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒரு வாக்காவது கூடுதலாகப் பெற்றால்தான் வெற்றி. முதல் எண்ணிக்கையில் யாரும் அதைத் தொடாததால், கடைசியில் நின்றவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் 2 என்று எழுதப்பட்டவர்களுக்கு அவற்றைப் பிரித்துக் கொடுத்து, அடுத்தவரை நீக்கி, இப்படியே நாள்கணக்கில் எண்ணினார்கள். மூன்றாம் நாள் கடந்த பிறகே சுரபி வாணி தேவி வென்றார் என்று தெரிந்தது.

சட்டமன்ற உறுப்பினர்களின் வாசலில் இதே முறை கூரிய கத்தியாகிறது. பத்து இடங்கள், 280 செல்லுபடியான வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாக்குக்கும் நூறு மதிப்பு. மொத்தம் 28,000-ஐ, இடங்களைவிட ஒன்று கூடுதலான பதினொன்றால் வகுத்து, மீதியை விட்டு, ஒன்று கூட்டினால் 2,546. அதாவது 26 பேர் முதல் விருப்பம் தந்தால் ஒருவர் வென்றுவிடலாம், மிஞ்சிய மதிப்பு அடுத்த விருப்பத்துக்குப் போகும். இரண்டு மூன்று பேர் இடம் மாறினால் போதும், கணக்கு சாய்ந்துவிடும். இதே உறுப்பினர்கள் வாக்களிக்கும் மாநிலங்களவைத் தேர்தலில் 2003 முதல் திறந்த வாக்கு. கட்சி முகவரிடம் சீட்டைக் காட்டித்தான் போட வேண்டும். மேலவைத் தேர்தலில் இன்றும் இரகசிய வாக்கு. 2022 ஜூன் 20 அன்று மகாராஷ்டிரத்தில் பத்து இடங்களுக்குப் பதினொருவர் நின்றபோது, ஆளும் கூட்டணியின் ஒரு வேட்பாளர் தோற்று, எதிர்க்கட்சியான பாஜக நிறுத்திய ஐவரும் வென்றனர். அன்றிரவே ஆளும் சிவசேனையின் அமைச்சர் ஏக்நாத் ஷிண்டே தம் ஆதரவு உறுப்பினர்களோடு சூரத்துக்குக் கிளம்பினார். ஒன்பதாம் நாள் முதலமைச்சர் உத்தவ் தாக்கரே பதவி விலகினார். அந்த உத்தவும் 2020-இல் இதே வாசல் வழியாக, போட்டியின்றி மேலவைக்கு வந்தவர்தான்.

இந்த ஐந்து வாசல்களும் கல்லில் செதுக்கியவை அல்ல. நாடாளுமன்றம் சட்டத்தால் வேறு ஏற்பாடு செய்யும் வரைக்குமே இந்த அமைப்பு என்று 171-ஆம் பிரிவே தன் இரண்டாம் உட்பிரிவில் சொல்கிறது. அதை மாற்ற அரசமைப்புத் திருத்தம்கூடத் தேவையில்லை, சாதாரணச் சட்டம் போதும். 1951 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு சுமார் 18 விழுக்காடு. பட்டதாரிக்குத் தனி வாக்கு என்பதற்கு அன்று ஒரு நியாயம் இருந்தது. உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என்று மேலவை உள்ள ஆறு மாநிலங்களிலும் இன்றும் அதே பங்கீட்டில்தான் தேர்தல் நடக்கிறது. மேலவையை ஒழிக்கவும் மீட்கவும் தீர்மானம் போட்ட பேரவைகள், இந்தப் பங்கீட்டை மாற்றச் சொல்லியும் ஒரு தீர்மானம் போட்டு தில்லிக்கு அனுப்பலாம்.