பைன்வில்லின் மருத்துவச்சி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். செவிலியர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதுமே எனக்கு மோட் கேலன் ஞாபகம்தான் வந்தது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், பைன்வில் என்ற சின்ன ஊரில், 60 வருடங்களுக்கு மேல் ஊழியம் செய்த கறுப்பினப் பெண்மணி அவர்.

1898இல் புளோரிடாவில் பிறந்தார். அக்கா தங்கைகள் என்று மொத்தம் பதின்மூன்று பெண்கள். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இருவரும் போய்விட, டாக்டராக இருந்த நெருங்கிய உறவினர் ஒருவர் எடுத்து வளர்த்தார். பட்டம் வாங்கி, செவிலியர் படிப்பும் முடித்து, கல்யாணமும் ஆனபிறகு 1923இல் எபிஸ்கோப்பல் திருச்சபையின் மிஷனரி செவிலியராகக் கணவருடன் பைன்வில்லுக்கு வந்து சேர்ந்தார். பருத்தி விளையும் ஏழை மண் அது. பாதி வழி காரில் போனால் மீதி வழி சேற்றிலும் காட்டிலும் நடைதான். தன் வீட்டையே ஆஸ்பத்திரியாக்கிக்கொண்டார்.

பிரசவம் பார்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அந்த வட்டாரத்தில் பரம்பரையாகப் பிரசவம் பார்த்துவந்த பெண்களைக் கூட்டிவைத்து வகுப்பு நடத்தினார். கையை எப்படிக் கழுவுவது, பிறந்த குழந்தையின் உடம்பில் எதையெல்லாம் கவனித்துப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான். அவர் ஒருவரால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? அவரிடம் படித்தவர்கள் போன வீடுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

1951இல் யூஜின் ஸ்மித் என்ற புகைப்படக்காரர் பல வாரங்கள் அவர் கூடவே சுற்றினார். அந்த வருடம் டிசம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் படங்கள் வெளிவந்தன. முதல் பிள்ளைக்காக இரவெல்லாம் வலியில் துடிக்கிற 17 வயதுப் பெண், பக்கத்திலேயே கண் அசராமல் மோட் கேலன். விடிகிற நேரத்தில்தான் குழந்தை பிறக்கிறது. அந்தப் படங்களில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய முகத்தைத்தான். களைத்துப்போன முகம். ஆனாலும் முழுக் கவனமும் அந்தப் பெண்மேலேயே இருக்கிறது.

படங்களைப் பார்த்த வாசகர்கள் கேட்காமலே பணம் அனுப்பினார்கள். 20,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. கறுப்பருக்கு ஒரு வாசல், வெள்ளையருக்கு ஒரு வாசல் என்று தென் மாநிலங்கள் பிரிந்து கிடந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பணத்தில் 1953இல் அவர் பெயரிலேயே ஒரு கிளினிக் எழுந்தது. தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை எல்லாம் அங்கேயே நடந்தன.

1971இல் ஓய்வு பெற்றார். சரி, இனி வீட்டில் இருப்பார் என்றுதானே நினைப்போம்? வயதான ஏழைகள் சாப்பாட்டுக்குத் திண்டாடுவதைப் பார்த்து, அவர்களுக்காக ஒரு உணவு மையம் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். எண்பது வயதைத் தாண்டியபிறகும் வாரத்தில் ஐந்து நாள் அங்கே தொண்டு செய்தார். சமையலைக் கவனிப்பார், நடக்க முடியாதவர்களுக்குச் சாப்பாடு போய்ச்சேரப் பார்த்துக்கொள்வார். சம்பளம் கிடையாது.

அந்த நாட்களில்தான் ஜனாதிபதி ரீகனிடமிருந்து வெள்ளை மாளிகைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. திடீரென்று கூப்பிட்டால் எப்படி வருவது, எனக்கு வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். வீம்புக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு மையத்தில் அவருக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். 1990இல், 91 வயதில், அதே பைன்வில்லில் காலமானார்.

நன்றி, வணக்கம்.